பலெர்மோவின் நான்மொழிக் கல்

சிசிலித் தீவின் வடகரையில் அமைந்த பலெர்மோ, ஒருகாலத்து முடியரசின் தலைநகராய் விளங்கிய துறைமுகப் பட்டினமாகும். பினீசியர் நிறுவிய இந்நகரைக் கிரேக்கர் 'பனோர்மோஸ்' என வழங்கினர். முற்றும் துறைமுகமாயது என்பது அப்பெயரின் பொருள். கி.பி. 831இல் அராபியரும், 1072இல் நார்மானியரும் இதனைக் கைக்கொண்டனர். 1130ஆம் ஆண்டு கிறித்துப் பிறப்பு நாளில் இரண்டாம் ரோஜர் இங்கு முடிசூடினான். அவன் வழியினர் ஆண்ட காலத்தைப் பல்லினத்தாரும் ஒத்து வாழ்ந்த பொற்காலம் எனப் போற்றுவார் பலர். அப்போற்றுரை எத்துணைப் பொருந்தும் என்பதனை, அந்நகருக்குச் செல்வார் இன்றும் காணக்கூடிய சான்றுகளைக் கொண்டே ஈண்டு ஆராய்வோம்.

முதலிற் காணத்தக்கது அரண்மனை. அதனுள் ரோஜர் எடுப்பித்த சிறுகோயிலின் சுவர்களில் கிரேக்க மரபிலமைந்த பொன்னிறப் பதிகல் ஓவியங்கள் ஒளிர்கின்றன. அவற்றின் மேலமைந்த மரவிதானமோ இசுலாமியக் கலைமரபினது. அதில் அரபி எழுத்தில் வாழ்த்துரைகள் பொறிக்கப்பெற்றுள்ளன. 1142இல் அரசன் நாழிகைக் கருவி ஒன்றை அமைத்த செய்தியைக் கூறும் கல்வெட்டு இலத்தீன், கிரேக்கம், அரபி என்னும் மும்மொழியிலும் உள்ளது.

இதனினும் சிறந்த சான்று சீசா மாளிகையில் வைக்கப்பெற்றுள்ள நான்மொழிக் கல். அரசனிடம் பணிபுரிந்த கிரிசாந்து என்னும் குரு, தம் தாய் அன்னாவின் நினைவாக 1149இல் இதனை அமைத்தார். இலத்தீன், கிரேக்கம், அரபி ஆகியவற்றோடு, எபிரேய எழுத்தில் எழுதிய அரபியும் இதன்கண் உண்டு. ஒவ்வொரு பகுதியும் அவ்வவ் வகுப்பாரின் ஆண்டுக்கணக்கையே கையாளுகின்றது. கிறித்தவத் தாயொருத்தியின் மறைவை இசுலாமியரும் யூதரும் தத்தம் எழுத்திற் படித்தறிய வேண்டும் என மகன் விழைந்தமை இதனாற் புலனாம்.

எனினும், இக்கற்களை நிறுவியோர் அரசனும் அரசவையைச் சார்ந்தாருமே என்பதை நாம் மறத்தல் கூடாது. கல்லில் இடம்பெற்ற அரபிமொழி குடிகளை எண்ணிப் பதிதற்கும் பயன்பட்டது. மொன்ரெயாலே மடத்திற்கு அரசன் வழங்கிய ஊர்களில் வாழ்ந்த இசுலாமியக் குடிகளின் பெயர்ப்பட்டி 1178இல் அரபியிலும் கிரேக்கத்திலும் எழுதப்பெற்றது. நிலத்தோடு குடிகளும் கொடைப்பொருளாயினர். 1161இல் அரசனுக்கெதிராக எழுந்த கலகத்தின்போது நகரத்து இசுலாமியர் பலர் கொல்லப்பட்டனர். 1184ஆம் ஆண்டின் இறுதியில் இங்கு வந்த இபின் ஜுபைர் என்னும் பயணி, அரண்மனைப் பணியாளர் தம் சமயத்தை மறைத்து ஒழுகியதைக் குறித்துள்ளார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பிரடெரிக், தீவிலிருந்த இசுலாமியரை இத்தாலியப் பெருநிலத்து லுச்சேராவிற்குப் பெயர்த்தனுப்பினான். 1492இல் பிறந்த ஆணையால் யூதரும் தீவைவிட்டு நீங்க நேர்ந்தது. எழுத்துக் கல்லில் நின்றது. அதனைப் படித்தற்குரியார் நகரில் நிலைக்கவில்லை. அரசனின் ஆதரவைக் காட்டும் சான்றினைக் குடிகளின் நல்வாழ்விற்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது என்பதே எம் கருத்து.

பழைய யூதர் குடியிருப்பின் தெருப்பலகைகளில் இன்று இத்தாலியத்தோடு எபிரேயமும் அரபியும் எழுதப்பெற்றுள்ளன. ஈழத்திலிருந்து சென்று குடியேறிய தமிழரும் இந்நகரில் வாழ்கின்றனர். 1624இல் கொள்ளைநோய் பரவிய காலந்தொட்டு நகரின் காவலராகப் போற்றப்பெறும் புனித ரோசாலியாவின் குகைக்கோயில் பெல்லெகிரீனோ மலைமீது உள்ளது. அங்குக் கிறித்தவத் தமிழரேயன்றி, இந்துத் தமிழரும் ஏறிச் சென்று வழிபடுகின்றனர். இதற்கு அரசாணையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆதலின் பலெர்மோவைக் காணச் செல்வார் அரண்மனையோடு அமையாது, அம்மலைக்கும் செல்லுதல் வேண்டும். ஒரு நகரம் பல மொழியினர்க்கும் உரியதோ என்பதை, அம்மொழியினர் அங்கு அச்சமின்றி வாழும் வாழ்வே காட்டும்.