வெயிலில் தெளியும் எழுத்து

ஓலக்கூரைத் தாண்டித் திண்டிவனத்தில் நின்று, மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று வரிசையாக வரும் ஸ்டேஷன்களைக் கடந்து விழுப்புரம் சந்திப்பை அடையும் பாசஞ்சர் வண்டியில், காலை வெயில் நேரே விழும் இடப்புற ஜன்னலோரத்தில் அமர்ந்து கைப்பேசியில் எதையேனும் வாசிக்க முயன்றவர்களுக்கு, ஒளிரும் திரை சூரியனுக்கு முன் எவ்வளவு சீக்கிரம் மங்கிப்போகிறது என்பது அனுபவத்தில் தெரிந்திருக்கும். அதே இருக்கையில் கிண்டில் போன்ற ஒரு மின்படிப்பானைத் திறந்தவரோ, வெளிச்சம் ஏற ஏற எழுத்தும் தெளிவு பெறுவதைக் கண்டு ஆனந்தம் அடைவார்.

அதன் பக்கம் சுயமாக ஒளிர்வதில்லை. காகிதத்தைப் போலவே தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. மயிரிழையின் பருமனே உள்ள எண்ணற்ற நுண்குமிழ்கள் திரையில் பரவியிருக்க, ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தெளிந்த எண்ணெயில் கருந்துகள்களும் டைட்டானியம் டையாக்சைடு என்னும் வெண்பொருளின் துகள்களும் எதிரெதிரான மின்னூட்டத்துடன் மிதக்கின்றன. (நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட், அந்த வெண்பொருளுக்கு மூலமான கனிமங்களில் ஒன்று.) குமிழின் அடியிலுள்ள மின்வாயின் துருவத்தை மாற்றினால் ஓரினத் துகள் மேலே எழும், மற்றது கீழே அமிழும், மேலே வந்தது எதுவோ அதுவே நம் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும். மின்புலத்தில் துகள்கள் இவ்விதம் நகர்வதை 1807-இல் மாஸ்கோவில் ரூஸ் என்பவர் நீரிலிட்ட களிமண்ணைக் கொண்டு கண்டறிந்தார். அத்தத்துவத்தைக் குமிழுக்குள் அடக்கி மையாக்கும் வித்தையை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜேக்கப்சன், கோமிஸ்கி, ஆல்பர்ட் முதலியோர் 1998-இல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டனர்.

இந்த மையின் விசேஷ குணம், துகள் ஒருமுறை போய்ச் சேர்ந்த இடத்திலேயே, மின்சாரம் நின்ற பிறகும், தங்கிவிடுவது. பக்கத்தைப் புரட்டும் கணத்தில்தான் திரைக்கு மின்சாரம் வேண்டும், படிக்கும் நேரத்தில் வேண்டியதில்லை. ஆதலால்தான் ஒருமுறை சார்ஜ் செய்த கருவி பல நாட்கள் உழைக்கிறது. ஆனால் வாசகர்கள் வழக்கமாகச் சொல்லும் குறைகளும் இதே குணத்திலிருந்துதான் பிறக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணெயில் நீந்திச் செல்ல அவகாசம் தேவைப்படுவதால் பக்கம் மாறுவதில் ஒரு சிறு தாமதம். இடம்பெயராமல் நின்றுவிட்ட சில துகள்களால் முந்தின பக்கத்தின் சாயல் புதுப்பக்கத்தில் படிதல். அச்சாயலைத் துடைப்பதற்காகத் திரை முழுவதும் அவ்வப்போது கருத்து வெளுத்தல். உஷ்ணம் ஏறினால் எண்ணெய் இளகித் துகள்களின் வேகம் கூடும், குளிரில் குறையும். அதற்கேற்ப மின்துடிப்பை மாற்றிக்கொள்ள வேண்டி, இக்கருவிகளுக்குள் ஒரு வெப்ப உணரியையும் வைத்திருக்கிறார்கள். கத்திரி வெயிலில் விழுப்புரம் பிளாட்பாரத்தில் காத்திருக்கும் கருவிக்கு அது அவசியமான அங்கமே. இவையெல்லாம் மையின் சுபாவம். வெயிலில் வாசிக்கும் சுகத்தை விரும்புகிறவர் இவற்றையும் பொறுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு.

பொறுத்துக்கொள்ளக் கூடாதவை என்று நான் கருதுபவை வேறு. அவை தமிழ் வாசகருக்கென்றே ஏற்பட்டவை. மின்மைத் திரை கொண்ட சோனியின் கருவி 2004-லும் கிண்டில் 2007-லும் வந்திருக்க, கிண்டில் கடையில் தமிழ்நூல்கள் முறையாக இடம்பெற்றது 2016 டிசம்பரில்தான். இடைக்காலத்தில் தமிழைத் திறந்தவர்கள் கண்டது உடைந்த எழுத்து. 'கொ' என்னும் எழுத்தை யூனிகோடு முதலில் ககரமாகவும் பின்னர் ஒகரக் குறியாகவும் சேமிக்கிறது. திரையிலோ அக்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தை அறியாத மென்பொருள், கொம்பை எழுத்துக்குப் பின்னால் ஒரு புள்ளிவட்டத்தோடு நிறுத்திவிடும். இப்பிழை இன்று பெரும்பாலும் நீங்கிவிட்டதெனினும், புணர்ச்சியால் நீண்ட சொற்களை வரியின் முடிவில் முறித்தெழுதத் தெரியாத கருவிகள், அச்சொல்லை அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டு, எஞ்சிய சொற்களுக்கிடையே பெரும் இடைவெளிகளை விட்டுவைக்கும் அவலம் இன்னும் தொடர்கிறது.

வயது முதிர்ந்தவர் விரும்பியவாறு எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் சௌகரியமே இக்கருவியின் தலையாய உபகாரம் என்பது என் அபிப்பிராயம். பக்கங்களைப் படமாக எடுத்துச் சேர்த்த பழைய நூல்களில் அது கிட்டுவதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அரிய பதிப்புகளைக் காத்துத் தருவது பெரும் தொண்டு. ஆயினும் அந்தப் பக்கப்படங்கள் ஆறு அங்குலத் திரையில் எறும்பு வரிசையாகச் சுருங்குகின்றன. எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து பிழைதிருத்திய நூலே கண்ணுக்கேற்ப விரியும். அவ்வேலையை மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் 1998 பொங்கலிலிருந்து செய்துவருகிறார்கள். 2013-இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழுவினர், எழுத்தைப் பெரிதாக்க இடம்தரும் இ-பப் கோப்புடன், தமிழ் எழுத்துருவை அறியாத கருவியை வைத்திருப்பவருக்கும் எழுத்து உடையாமல் கிடைக்க வேண்டுமென்று, ஆறு அங்குல அளவுக்கே பக்கம் கட்டிய பி.டி.எஃப். கோப்பையும் சேர்த்து இலவசமாக வழங்குகிறார்கள்.