பேட்டரி மாற்றலாம், அப்டேட்?

தில்லி கரோல் பாகின் கஃபார் மார்க்கெட்டில் செல்போன் ரிப்பேர் கடைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. சோர்ந்த பேட்டரி, உடைந்த திரை எல்லாவற்றுக்கும் இங்கே மாற்று உண்டு. கம்பெனி நிறுத்திவிட்ட பாதுகாப்பு அப்டேட்டுக்கு மட்டும் கிடையாது. 2016-ல் யுபிஐ வந்தபிறகு பலருக்கும் போன்தான் பர்ஸ். ஓட்டை விழுந்த பர்ஸில் யார் பணம் வைப்பார்கள்? 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 5.0-க்கு முந்தைய போன்களை வாட்ஸ்அப்பும் கைகழுவியது.

அதற்காகப் புதியதெல்லாம் லாபமல்ல. மலிவு விலை மாடல்கள் சில, கடைக்கு வரும்போதே பழைய ஆண்ட்ராய்டுடன் வருகின்றன. மெகாபிக்ஸலை விசாரிக்கும் முன் கேட்க வேண்டியது: அப்டேட் எத்தனை வருடம்? கையிலிருக்கும் போனின் செட்டிங்ஸில் கடைசி அப்டேட்டின் தேதி இருக்கும். அது சமீபத்தியது என்றால், பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு நடையைக் கட்டலாம்.