டயருக்கும் தரைக்கும் நடுவே

“ஏனுங்க, ரேஸ் காருன்னா டயரு மொழுமொழுன்னுதானே இருக்கும்? இந்தக் கரண்டு காருக்கு மட்டும் எதுக்குங்க நம்ம ரோட்டு வண்டியாட்டக் கோடு போட்ட டயரு?” பல்லடம் ரோட்டில் நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் நண்பர் டீக்கடையில் இப்படிக் கேட்டார். அவர் மகன் பொறியியல் படிக்கிறான். கல்லூரி அணியோடு சேர்ந்து மின்சாரப் பந்தயக் கார் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறான். வீட்டில் அவன் டயர், டிராக் என்று பேசுவது அப்பாவுக்குப் பிடிபடவில்லை. நல்ல கேள்விதான். நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டு போனால், அது நம் நூலிலும் துணியிலும் வந்து சேரும்.

மொழுமொழு டயரை ‘ஸ்லிக்’ என்பார்கள். காய்ந்த தரையில் அதை மிஞ்ச முடியாது. கோடு இல்லாததால் ரப்பர் முழுவதும் தரையில் படுகிறது. கோடு வெட்டுவது முக்கியமாகத் தண்ணீருக்காக. சக்கரத்தடியில் சிக்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாவிட்டால், டயர் தரையை விட்டுத் தண்ணீர்மேல் ஏறிவிடும். அப்புறம் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பிரேக்கை மிதித்தாலும் வண்டி கேட்காது. அதனால் ஃபார்முலா ஒன்னில் காய்ந்த தரைக்கு ஸ்லிக், ஈரத்துக்கு ஒன்று, கொட்டும் மழைக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். காய்ந்த தரைக்கு மட்டுமே வழக்கமான ஒரு வார இறுதிக்கு ஓர் ஓட்டுநருக்கு 13 செட்.

மின்சார ஒற்றை இருக்கைக் கார்களின் உலகப் போட்டியான ஃபார்முலா ஈ, இந்தப் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டது. முதல் பந்தயம் 2014 செப்டம்பர் 13 அன்று பெய்ஜிங்கில் நடந்தது. மஹிந்திரா அணிக்காக ஓட்டிய சென்னைக்காரர் கருண் சந்தோக் அதில் ஐந்தாவதாக வந்தார். அன்றே எல்லாக் கார்களுக்கும் ஒரே வகை டயர்தான்: 18 அங்குல ரிம்மில், ரோட்டு டயர்போலக் கோடு வெட்டியது. வெயிலுக்கும் மழைக்கும் அதுவே. 2022 வரை மிஷெலின் செய்து கொடுத்தது. 2023 முதல் ஹான்கூக். பந்தய நடுவே நின்று டயர் மாற்றும் வழக்கம் கிடையாது, பஞ்சரானால்தான் மாற்றுவார்கள். ஓடுவதற்கு முன் போர்வை சுற்றி டயரைச் சூடேற்றவும் அனுமதி இல்லை. கண்டம் விட்டுக் கண்டம் சுமக்கும் டயரும் குறைய வேண்டும், இங்கே கற்றது நாளைக்கு ரோட்டில் ஓடும் வண்டிக்கும் உதவ வேண்டும் என்பது நோக்கம். நண்பரின் கேள்விக்கு நேரான பதில் இவ்வளவுதான். ஆனால் ஒரே டயர் என்று முடிவு செய்ததும், மாறிக்கொண்டே இருக்கும் தரையைச் சமாளிக்கிற பொறுப்பு முழுவதும் ஓட்டுநர் தலையில் வந்து விழுகிறது. அதை விளக்க, ரப்பர் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ரப்பர் இரண்டு விதமாகப் பிடிக்கும். ஒன்று, தரையோடு நேராக ஒட்டிக்கொள்வது. சுத்தமான, காய்ந்த தரையில்தான் இது நடக்கும்; நடுவில் மெல்லிய தூசிப் படலமோ எண்ணெயோ இருந்தால் போயிற்று. இன்னொன்று, தாரில் துருத்தி நிற்கும் ஜல்லிமேல் ரப்பர் அமுங்கி, அதன் வடிவத்துக்குள் இறங்கிப் பற்றுவது. அமுங்கிய ரப்பர் உடனே பழைய நிலைக்கு வருவதில்லை, கொஞ்சம் தயங்கித்தான் எழும்புகிறது. அந்தத் தயக்கம்தான் பிடிப்பைத் தருகிறது, டயரைச் சூடாக்குவதும் அதுவே. ரப்பர் குளிர்ந்து கிடந்தால் விறைத்துப்போய் ஜல்லிக்குள் இறங்காது. அளவுக்கு மிஞ்சிச் சூடானால் மேல்தோல் கொழகொழத்து உரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் இருக்கிறது. அந்தப் பதத்தைப் பிடித்து, பந்தயம் முடியும்வரை கைவிடாமல் வைத்திருப்பதுதான் ஓட்டுநரின் வேலை.

மின்சாரக் காரில் இது இன்னும் நுணுக்கம். 2023-இல் வந்த மூன்றாம் தலைமுறைக் காரின் எடை ஓட்டுநரோடு சேர்த்துச் சுமார் 840 கிலோ. மோட்டாரின் உச்ச சக்தி 350 கிலோவாட். பெட்ரோல் எஞ்சின் வேகம் பிடித்துத்தான் முழு இழுவையைக் காட்டும். மின் மோட்டார் காலை வைத்த நொடியிலேயே காட்டிவிடும். சக்கரம் வழுக்கிச் சுற்றினால் அதைத் தானாகக் கட்டுப்படுத்தும் டிராக்ஷன் கன்ட்ரோலுக்கும் விதியில் இடமில்லை. ஓட்டுநரின் பாதத்துக்கு நிதானம் இருந்தால் உண்டு.

பிரேக் பிடிக்கும்போது நடப்பது அதைவிட முக்கியம். மோட்டார் அப்போது ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்புகிறது. முன்னால் 250, பின்னால் 350, ஆக 600 கிலோவாட் வரை இப்படி மீட்கலாம். இதை நம்பித்தான் பின் சக்கரங்களுக்கு வழக்கமான ஹைட்ராலிக் பிரேக்கே வைக்கவில்லை. ஒரு பந்தயத்தில் செலவாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் இப்படித் திரும்பி வருவது என்பது போட்டி நடத்துகிறவர்கள் சொல்லும் கணக்கு. அவ்வளவும் டயர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். டயர் தரையைப் பிடித்து உருண்டால் மின்சாரம் சேரும், வழுக்கினால் சேராது. அதாவது டயரின் பிடிப்பு வளைவில் திரும்புவதற்கு மட்டுமல்ல, பேட்டரியில் மிச்சம் எவ்வளவு என்பதற்கும் கணக்குச் சொல்கிறது. மழை பெய்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். எல்லாரும் மெதுவாக ஓட்டுவதால் செலவு குறைந்து, மின்சாரத்தைப் பற்றிய கவலை தணியும். பிடிப்பு மட்டுமே கவலையாக நிற்கும்.

இனி தரைக்கு வருவோம். இந்தப் பந்தயங்கள் பெரும்பாலும் ஊருக்குள், நேற்றுவரை பஸ்ஸும் ஸ்கூட்டரும் ஓடிய ரோட்டில் நடக்கின்றன. அங்கே சிந்திய ஆயில் இருக்கும், மண் இருக்கும், வெள்ளைக் கோட்டுப் பெயின்ட் இருக்கும், பாதாளச் சாக்கடை மூடி இருக்கும். பழைய தாரும் புதுத் தாரும் சேரும் இடமும் இருக்கும். 2023 பிப்ரவரி 11 அன்று ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரிக்கரையை ஒட்டி, சுமார் 2.8 கிலோமீட்டர் சுற்றில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஈ பந்தயம் நடந்தபோதும் இதே கதைதான். இப்படிப்பட்ட ரோட்டில் முதலில் இறங்கும் கார்கள் தூசியைத் துடைக்கின்றன. அடுத்தடுத்து வரும் கார்களின் டயரிலிருந்து தேயும் ரப்பர் தாரின்மேல் படிகிறது. ரப்பர் படிந்த அந்தத் தடத்தில் மட்டும் பிடிப்பு ஏறிக்கொண்டே போகும். ஓரடி தள்ளினால் மறுபடியும் தூசி. ஒரு மழை பெய்தால் படிந்ததெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

காலையும் மாலையும் ஒரே தரை இல்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்றால், அதற்காக ஒரு விதியையே மாற்றினார்கள். 2021 வரை தகுதிச் சுற்றில் ஓட்டுநர்களைக் குழு குழுவாக இறக்கினார்கள். புள்ளிப் பட்டியலில் முன்னால் இருப்பவர்கள் முதல் குழு. அவர்கள்தான் தூசியைத் துடைக்க வேண்டும். பின்னால் வருபவர்களுக்கு ரப்பர் படிந்த தரை கிடைக்கும். நன்றாக ஓட்டுகிறவருக்கு அதுவே தண்டனையாகிப்போனது. 2022 முதல் இருவர் இருவராக மோதும் முறை வந்தது.

ஒரே சுற்றுக்குள்ளேயே தரை மாறுவதும் உண்டு. லண்டன் எக்ஸெல் அரங்கில் 2021 முதல் நடக்கும் பந்தயத்தில், டிராக்கின் ஒரு பகுதி கூரைக்குக் கீழே கட்டடத்துக்குள், மீதி வெளியே. வெளியே மழை என்றால் உள்ளே காய்ந்த தரை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டையும் தாண்டியாக வேண்டும். பெர்லினில் டெம்பெல்ஹோஃப் பழைய விமான நிலையத்தின் கான்கிரீட் தளத்தில் ஓடுகிறார்கள். அது டயரைத் தேய்த்துத் தள்ளும். 2022 ஜூலை 16 அன்று நியூயார்க்கில் பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் திடீரென்று மழை கொட்டியது. முன்னால் போய்க்கொண்டிருந்த நிக் காசிடியும் பின்னால் வந்த சிலரும் தேங்கிய நீரில் மிதந்து தடுப்பில் போய் மோதினார்கள். பந்தயத்தை அங்கேயே நிறுத்தி, அதற்கு முந்தைய நிலையை வைத்துக் காசிடியே வென்றார் என்று அறிவித்தார்கள். கோடு வெட்டிய டயருக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அன்று எல்லாரும் பார்த்தார்கள்.

நண்பருக்கு நான் சாயப்பட்டறையை வைத்துச் சொன்னேன். லேப் டிப்பில் அச்சாக வந்த ஷேடு, தண்ணீர் மாறினால் பல்க்கில் வேறாக வந்து நிற்கிறது. சாயத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, தண்ணீரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. இரண்டும் சேர்ந்ததுதான் ஷேடு. பிடிப்பும் அப்படியே. அது டயரில் இல்லை, தரையிலும் இல்லை. இரண்டும் தொடும் இடத்தில், அந்த நேரத்துக்கு உண்டாகிறது.

சரி, நம் துணி எங்கே வருகிறது? டயருக்கு உள்ளே. வெளியே தெரிவது ரப்பர். உள்ளே இருந்து காற்றழுத்தத்தையும் வண்டியின் பாரத்தையும் தாங்குவது நூல். 1888-இல் டன்லப் செய்த முதல் காற்றடைத்த டயரிலேயே ட்யூபைச் சுற்றி லினன் துணி இருந்தது. ஆரம்பத்தில் சாதாரண நெசவுத் துணியைத்தான் வைத்தார்கள். சக்கரம் உருள உருளப் பாவும் ஊடையும் ஒன்றையொன்று அறுத்துச் சீக்கிரம் கிழிந்தது. இதற்குத் தீர்வாக வந்ததுதான் டயர் கார்டு துணி. அதில் முறுக்கேற்றிய கெட்டியான பாவு நூல்தான் எல்லாம்; ஊடை என்பது பாவு கலையாமல் பிடித்து வைக்க அங்கொன்றும் இங்கொன்றும் போகும் மெல்லிய இழை. ரப்பர் ஒட்டுவதற்காக அந்தத் துணியை ஒரு கரைசலில் முக்கி, சூட்டில் இழுத்துப் பிடித்துப் பதப்படுத்துவார்கள். டெனியர், முறுக்கு, சுருக்கம் என்று திருப்பூர்க்காரர் பேசும் எல்லாம் அங்கே உயிர் காக்கும் கணக்குகள். பருத்தியில் தொடங்கி, ரேயான், நைலான், பாலியெஸ்டர் என்று நூல் மாறியது. சூட்டில் நைலான் சுருங்கும்; வேகத்தில் டயர் விரிய முயலும்போது அதைக் கட்டிப்பிடிக்க அந்தச் சுருக்கமே உதவுகிறது. சென்னை மணலியில் எஸ்.ஆர்.எஃப். நிறுவனம் 1974 முதலே நைலான் டயர் கார்டு செய்கிறது. ஹான்கூக் தரும் பந்தய டயரில் மறுசுழற்சி செய்த நாரும் சேர்கிறது. பெட் பாட்டிலிலிருந்து நூல் எடுத்துப் பனியன் துணி ஓட்டும் ஊருக்கு இது புரியாத விஷயமா?

தரை மாறினால் டயரின் உடம்பே தோற்கும் என்பதற்கு, கோவைக்காரர் ஒருவர் ஓடிய பந்தயமே சாட்சி. 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், ஜோர்டன் அணியில் இருந்தார். அந்த டிராக்குக்குப் புதுத் தளம் போட்டு, வைரப் பற்களால் கீறி, சொரசொரப்பு ஏற்றியிருந்தார்கள். சரிந்து ஏறும் கடைசி வளைவில் இடது பின் டயருக்கு வந்த சுமையை மிஷெலின் டயர்கள் தாங்கவில்லை. பயிற்சியிலேயே டயர் போய் ரால்ஃப் ஷூமாக்கர் சுவரில் மோதினார். பாதுகாப்புக்கு உறுதி தர முடியாது என்று மிஷெலின் சொல்ல, அந்த டயர் போட்ட 14 கார்களும் பந்தயம் தொடங்கும் முன்பே விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவதாக வந்து, ஃபார்முலா ஒன்னில் புள்ளி வாங்கிய முதல் இந்தியர் ஆனார்.

இதையெல்லாம் பார்க்க நாம் நியூயார்க்குக்கோ லண்டனுக்கோ போக வேண்டியதில்லை. பல்லடத்துக்கு மேற்கே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்து, கோவையிலேயே பந்தயக் கார்களை வடிவமைத்து, 1995-இல் விமான விபத்தில் மறைந்த எஸ். கரிவரதன் பெயரில் 2003-இல் திறந்த டிராக். மாணவர்கள் தாங்களே செய்த ஒற்றை இருக்கைக் கார்களோடு வரும் ஃபார்முலா பாரத் போட்டி அங்கேதான் நடக்கிறது. மின்சாரக் கார்களுக்கு அதில் தனிப் பிரிவு. கடைசியாக நடக்கும் நீண்ட ஓட்டத்தில் கார் தாக்குப்பிடித்தால் மட்டும் போதாது, எவ்வளவு மின்சாரம் செலவானது என்பதற்கும் மதிப்பெண் உண்டு.

நண்பரின் மகனுக்கு நான் சொல்லி அனுப்பியது ஒன்றுதான். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்திலும் சூட்டை அளந்து நோட்டில் எழுது. நடுவில் மட்டும் சூடு ஏறினால் காற்று அதிகம். இரு விளிம்பும் ஏறினால் காற்று குறைவு. உள்விளிம்பு மட்டும் ஏறினால் சக்கரம் உட்பக்கமாக அதிகம் சாய்ந்திருக்கிறது. பக்கத்திலேயே தரையின் சூட்டையும் நேரத்தையும் எழுது. தரையை எழுதாத நோட்டு பாதி நோட்டு.

அப்பாவுக்குச் சொன்னது வேறு. அவர் யூனிட்டில் ஷிஃப்ட் முடிந்து இரவில் பைக்கில் வீடு திரும்புகிறவர்களும் இதே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். கோடைக்குப் பிறகு வரும் முதல் மழைதான் ரோட்டில் மிக வழுக்கும் நேரம். பல மாதமாகச் சேர்ந்த ஆயிலும் தூசியும் தண்ணீரோடு கலந்து மேலே மிதக்கும். டயரின் கோட்டுக்குள் சின்னதாக ஒரு மேடு இருக்கும். மேல் ரப்பர் அந்த மேட்டளவுக்குத் தேய்ந்துவிட்டால் தண்ணீர் போக வழியில்லை என்று அர்த்தம். அந்த டயரை மாற்றித்தான் ஆக வேண்டும். வரும் சனிக்கிழமை சம்பளம் போடும்போது, நம்மிடம் வேலை செய்கிறவர்களின் பைக் டயரையும் ஒருமுறை பார்த்துவிடுவோம், மாற்ற முடியாதவருக்கு அட்வான்ஸ் கொடுப்போம் என்றேன். “செஞ்சுபோடலாமுங்க” என்றார் அவர்.