பழைய கம்ப்யூட்டரில் புது பிரிண்டர் கனெக்ட் ஆகலையா? கார்டை எடுக்கும் முன் இதைப் படிங்க!



வீட்ல விண்டோஸ் 7 போட்ட பழைய டெஸ்க்டாப். ஆஃபர்ல புது பிரிண்டர் வாங்கிட்டு வர்றீங்க. கேபிளைச் சொருகினா ஒண்ணும் நடக்கல. கடையில கேட்டா, "சிஸ்டம் பழசு சார், மாத்திடுங்க"ங்கிறாங்க. உடனே 40,000 ரூபாய் லேப்டாப், 12 மாத இஎம்ஐ. மாசம் 3,333 ரூபாய். 'நோ காஸ்ட்'னு சொன்னாலும் வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டி உங்க தலையில்தான். பல வங்கிகளில் பிராசஸிங் கட்டணமும் தனி. நாலு வாடகை ரசீது பிரிண்ட் எடுக்க இவ்வளவு செலவா?

பெரும்பாலும் பிரச்சினை டிரைவரில்தான் இருக்கும். கம்ப்யூட்டர் அனுப்புவதைப் பிரிண்டருக்குப் புரியவைக்கிற சாஃப்ட்வேர் அது. செலவில்லாமல் இதை முயற்சி பண்ணுங்க:

1. 'கம்ப்யூட்டர்' ஐகானில் ரைட் கிளிக் பண்ணி, ப்ராபர்ட்டீஸ் போங்க. விண்டோஸ் எந்த வெர்ஷன், 32 பிட்டா 64 பிட்டான்னு குறிச்சுக்கோங்க.

2. பிரிண்டர் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் மாடல் பெயரைப் போட்டுத் தேடுங்க. உங்க விண்டோஸுக்கான டிரைவர் இருந்தா, ஃபோன்லயே டவுன்லோட் பண்ணி டேட்டா கேபிள் வழியா மாத்திக்கலாம்.

3. டிரைவரை இன்ஸ்டால் பண்ணும்போது, அது கேட்கும் நேரத்தில் மட்டும் யுஎஸ்பி கேபிளைச் சொருகுங்க. யுஎஸ்பி 2.0 போர்ட்டே போதும்.

4. டிரைவரே இல்லையா? வைஃபை பிரிண்டர்னா, ஃபோனிலிருந்தே பிடிஎஃப்-ஐ பிரிண்ட் எடுக்கலாம்.

இன்னும் பிரிண்டர் வாங்கலைன்னா, எந்தெந்த விண்டோஸில் வேலை செய்யும்னு பெட்டியில் பார்த்துட்டு வாங்குங்க.

இப்போ முக்கியமான எச்சரிக்கை. 'பிரிண்டர் ஹெல்ப்லைன்'னு கூகுளில் தேடினா போலி நம்பர்களும் வரும். "எனிடெஸ்க் போடுங்க, நாங்க சரி பண்றோம்"னு சொல்லி உங்க திரையைக் கையில் எடுத்துக்குவாங்க. அடுத்து உங்க வங்கிக் கணக்குதான். டிரைவருக்குப் பணம் கேட்டாலே போனை வைங்க. ஏற்கெனவே பணம் போயிருந்தா, உடனே 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு.

அப்போ புது கம்ப்யூட்டரே வேண்டாமா? அதில் என்ன செய்றீங்க என்பதைப் பொறுத்தது. விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-லயே நிறுத்திட்டாங்க. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. பாதுகாப்பு அப்டேட் வராத கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங், வருமான வரி தாக்கல் ரெண்டும் வேண்டாம். அதுக்காக மாத்துறீங்கன்னா நியாயமான செலவு. மாசம் 3,333 ரூபாயைத் தனியா எடுத்து வைங்க. ஒரு வருஷத்தில் கடனே இல்லாம வாங்கிடலாம்.

வெறும் பிரிண்ட் எடுக்க மட்டும்னா, அந்தப் பழைய டெஸ்க்டாப் தாராளமா போதும்.