5, 2, 8: முதலில் எது வரும்?

5, 2, 8 என்ற எண்களை இதே வரிசையில் ஒரு பெட்டிக்குள் போடுகிறோம். இப்போது ஒன்றை எடுத்தால் எது வரும்? 5 வந்தால் அது கியூ: முதலில் போனதுதான் முதலில் வரும். 2 வந்தால், சிறியதற்கு முதலிடம் தரும் முன்னுரிமை வரிசை. 8 வந்தால், கடைசியில் போனதை முதலில் தரும் ஸ்டாக் என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். பெரியதற்கு முதலிடம் தரும் முன்னுரிமை வரிசையும் 8-ஐத்தான் தரும். இன்னொரு எண்ணை எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: ஸ்டாக் என்றால் அடுத்து 2, மற்றது என்றால் 5.

பெட்டியைத் திறக்காமலே வகை பிரித்துவிட்டோம். என்னென்ன செய்யலாம், செய்தால் என்ன கிடைக்கும் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வதுதான் அருவத் தரவு வகை. உள்ளே இருப்பது அர்ரேயா, லிங்க்டு லிஸ்ட்டா என்பது நிரல் எழுதியவர் பாடு. ஸ்டாக்கையும் அர்ரேயையும் ஒரே பட்டியலில் அடுக்கும் பாடக் குறிப்புகள்தான் மாணவர்களைப் பாதி குழப்புகின்றன. ஜே.டபிள்யூ.ஜே. வில்லியம்ஸ் 1964-ல் தந்த ஹீப்பும் அர்ரேயைப் போல உள்ளே இருப்பதுதான். முன்னுரிமை வரிசையைக் கட்ட அது ஒரு வழி, அவ்வளவே.

அருவத் தரவு வகை என்ற கருத்தை 1974-ல் ஒரு கட்டுரையாக முன்வைத்தவர்கள் பார்பரா லிஸ்கோவும் ஸ்டீபன் ஜில்ஸும். எம்.ஐ.டி.யில் லிஸ்கோவின் குழு உருவாக்கிய க்ளூ மொழி அதைச் செய்து காட்டியது. 2008-ம் ஆண்டுக்கான டூரிங் விருது லிஸ்கோவுக்குக் கிடைத்தது.

செயல்களை வைத்தும் வகை பிரிக்கலாம். எனக்கு அதுதான் அதிகம் பயன்படுகிறது. பைத்தானில் வெற்று லிஸ்ட் ஒன்றை உண்டாக்குவது ஆக்கும் செயல். இரண்டு லிஸ்ட்டுகளைக் கூட்டினால் மூன்றாவது ஒன்று பிறக்கும், பழையவை அப்படியே இருக்கும். லென் வெறுமனே நீளத்தைப் பார்த்துச் சொல்லும். அப்பெண்ட் மட்டும் இருப்பதையே மாற்றிவிடும். இப்படி மாற்றும் செயல் ஒன்றுகூட இல்லாதது மாறா வகை. டியூப்பிள் அந்த இனம். எண்கள் அடங்கிய டியூப்பிளை டிக்‌ஷனரியில் சாவியாக வைக்கலாம். லிஸ்ட்டை வைத்தால் டைப்எரர் வரும். சாவியின் மதிப்பிலிருந்து ஹாஷ் கணக்கிட்டுத்தான் டிக்‌ஷனரி இடம் ஒதுக்குகிறது. வைத்த பிறகு சாவி மாறினால் ஹாஷும் மாறும். பொருள் பழைய இடத்தில் கிடக்க, நிரல் வேறு இடத்தில் தேடும்.

ஒரு செயல் கூடினாலும் வகை கெட்டுவிடும். ஜாவாவின் ஸ்டாக், வெக்டரின் செயல்களை எல்லாம் வாரிசாகப் பெற்றது. அதனால் அதன் நடுவில்கூட ஒன்றை நுழைக்கலாம். அதற்குப் பதிலாக டெக்கைப் பயன்படுத்தும்படி ஜாவாவின் ஆவணமே சொல்கிறது.