வலி ஓரிடம், வேர் ஓரிடம்

என் மேஜை இழுப்பறையில் ஒரு தீப்பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு கடைவாய்ப் பல். சொத்தை இல்லை; ஆட்டம் இல்லை; இன்னும் முப்பது வருஷம் முறுக்குக் கடித்திருக்கக்கூடிய பல். அதைப் பிடுங்கச் சொன்னவன் நானேதான். அது செய்த குற்றம் ஒன்றே ஒன்று: வலி எடுத்த பக்கத்தில் முளைத்திருந்தது.

அந்த வலி ஓர் ஆடி மாதத்தில் ஆரம்பித்தது. வலது காதுக்கு முன்னால் தொடங்கித் தாடை வழியாக இறங்கிக் கழுத்தின் பக்கமாகத் தோள் வரையில் போகும். இடது பக்கத்தில் ஒன்றுமே இராது. நடுவில் கோடு கிழித்தாற்போல் பாதி முகம் சுகமாகவும் பாதி முகம் துக்கமாகவும் இருந்தது. கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் கழுத்துப் பிடிக்கும். உரக்கப் பாடம் நடத்தினால் தாடை கடுக்கும். குடியானவனுக்கு ஏர் எப்படியோ, அப்படியே உபாத்தியாயருக்கு வாய். அது முறிந்தால் குடும்பம் என்ன ஆகும்? புற்றுநோயாக இருக்குமோ என்ற எண்ணமும் இரவில் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும். அதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கூத்தாநல்லூரில் தைலத்துக்குப் பஞ்சமில்லை. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறவர்கள் கோடாலித் தைலம் கொண்டுவராமல் வருவதில்லை. பூசினேன்; எரிந்தது; வலி அப்படியே இருந்தது. "நீர் கோத்திருக்கிறது" என்றார் ஒரு நண்பர். "வாயுப் பிடிப்பு" என்றார் இன்னொருவர். "பல்லின் வேர்தான்" என்றார் மூன்றாமவர். மூன்றாவது அபிப்பிராயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாயுவைப் பிடுங்கி எறிய முடியாது. பல்லைப் பிடுங்கலாம் அல்லவா? பல் வைத்தியர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "பல்லில் ஒன்றும் தெரியவில்லையே, ஸார்!" என்று தயங்கினார். நான் விடவில்லை. பல் போயிற்று, வலி போகவில்லை.

*

என் பிழை எங்கே என்பதை நம் பக்கத்து ஆற்றைக் கொண்டே சொல்லலாம். கல்லணையில் காவிரியை விட்டுப் பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இப்படி ஒரு தலைப்பு உண்டு. மூளைத் தண்டிலிருந்து புறப்படும் முக்கிளை நரம்பு, நெற்றிக்கும் கண்ணுக்கும் ஒரு கிளை, கன்னத்துக்கும் மேற்பற்களுக்கும் ஒரு கிளை, கீழ்த்தாடைக்கு ஒரு கிளை என்று பிரிகிறது. வலப்பக்கத்து நரம்பு வேறு, இடப்பக்கத்து நரம்பு வேறு. ஆகையால்தான் கோளாறு ஒரு பக்கத்தோடு நின்றுவிடுகிறது.

இந்த நரம்பின் வலிச் செய்தி மூளைத் தண்டின் வழியே கழுத்தின் மேற்பகுதி வரையில் இறங்குகிறது. கழுத்தின் முதல் மூன்று நரம்புகள் கொண்டுவரும் செய்தியும் அங்கேதான் வந்து சேருகிறது. இரண்டு ஊர்த் தபாலையும் ஒரே மேஜையில் கொட்டினால் விலாசம் மாறிப்போகாதா? கழுத்தின் வலி கன்னத்தில் தெரியும். தாடை மூட்டின் வலி பல்லில் தெரியும். கடைமடை காய்ந்தால், எந்த மதகு அடைபட்டிருக்கிறது என்று மேலே போய்ப் பார்க்க வேண்டும். நானோ கடைமடையில் மண்வெட்டியைப் போட்டேன்.

*

பல் போன பிறகு ஒரு டாக்டரிடம் சென்றேன். அவர் படக் கட்டை ஒதுக்கி வைத்துவிட்டு என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"வலி வினாடிக் கணக்கா, மணிக் கணக்கா?" மின்னல் வெட்டினாற்போல் வந்து சில வினாடிகளில் மறைந்து, முகம் கழுவினாலும் காற்றுப் பட்டாலும் மறுபடி வெட்டினால், அது பெரும்பாலும் முக்கிளை நரம்பின் வலி. நரம்பின் வேரை ஓர் இரத்தக்குழாய் அழுத்துவதே பலருக்கும் காரணம். நடிகர் சல்மான் கான் தமக்கு இந்நோய் இருப்பதை 2011-ம் வருஷத்தில் வெளிப்படையாகச் சொன்னார். சாதாரண வலி மாத்திரை இதற்குப் பயன்படாது. வலிப்பு நோய்க்கான கார்பமசிபின் என்னும் மருந்து இதற்கும் உதவும் என்று 1962-ம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்து டாக்டர் பிளோம் எடுத்துக் காட்டினார். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் அதைத் தொடலாகாது.

"விழுங்கும்போதும் கழுத்தைத் திருப்பும்போதும் தொண்டையில் குத்துகிறதா?" காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து ஊசிபோல் ஓர் எலும்பு தொங்குகிறது. சிலருக்கு அது மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு தொல்லை கொடுக்கும். 1937-ம் வருஷத்தில் இதை விவரித்த அமெரிக்க டாக்டர் ஈகிளின் பெயராலேயே அந்நோய் வழங்குகிறது.

"நெற்றிப்பொட்டு வலிக்கிறதா? பார்வை மங்குகிறதா?" ஐம்பது வயதுக்கு மேல் இவை புதிதாக வந்தால் இரத்தக்குழாயின் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் கண்ணே போய்விடும்.

எல்லாவற்றுக்கும் நான் "இல்லை" என்றேன். "சரி, காலையில் எழும்போது எப்படி?" என்றார். நான் யோசிப்பதற்குள் பின்னால் நின்ற என் மனைவி, "ராத்திரியெல்லாம் பல்லை நறநறவென்று கடிக்கிறார், டாக்டர்! எழுந்ததும் வாயைத் திறக்கவே கஷ்டப்படுகிறார்" என்றாள்.

டாக்டர் காதுக்கு முன்னால் இருந்த தசையை விரலால் அழுத்தினார். "இதே வலிதானா?" இதேதான். கழுத்தின் பக்கத் தசையை அழுத்தினார். அதுவும் இதேதான். எட்டு மாதமாக ஒளிந்திருந்த திருடன் இரண்டு நிமிஷத்தில் அகப்பட்டான்: தாடை மூட்டுத் தசைகளும் அவற்றோடு இறுகிக்கொண்ட கழுத்துத் தசைகளும். கவலை பல்லைக் கடிக்கச் செய்தது. கடித்ததால் வலி வந்தது. வலியால் கவலை வளர்ந்தது.

சிகிச்சை மிக எளிது. மெத்தென்ற ஆகாரம், வெந்நீர் ஒற்றடம், தாடைக்கும் கழுத்துக்கும் சில பயிற்சிகள், இரவில் பற்களுக்கு ஓர் உறை. உதடு சேர்ந்திருக்கலாம், பற்கள் சேரலாகாது என்பது பகலுக்கான விதி. மூன்று மாதத்தில் வலி முக்காலும் போயிற்று.

*

எல்லா வலியும் இப்படிச் சாதுவானதல்ல. திடீரென்று ஒரு பக்கத்துக் கழுத்து கடுமையாக வலித்து இமை தொங்கினாலும், முகம் கோணினாலும், பேச்சுக் குழறினாலும், நடந்தால் தாடை வலித்து நின்றால் அடங்கினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குறையாத கட்டி, உணர்ச்சி மரத்துப்போதல் இவற்றையும் அலட்சியம் செய்யலாகாது. நரம்பு நோய்க்குக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. வேலூரில் 1949-ம் வருஷத்தில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் 1950-ம் வருஷத்தில் டாக்டர் ராமமூர்த்தியும் மூளை நரம்பு அறுவைச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டார்கள்.

டாக்டரிடம் போகுமுன் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: வலி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது. கூடவே, வீட்டில் இருப்பவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். நாம் தூங்கும்போது நடப்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

தீப்பெட்டியை நான் எறியவில்லை. விடையைச் சரியாகப் படிக்காமல் பூஜ்யம் போட்டுவிட்டேனோ என்று ஐயம் வரும்போது அதை எடுத்துப் பார்ப்பது வழக்கம்.