துறுதுறு பையன் வென்ற தங்கம்!

குட்டீஸ்... உங்கள் வகுப்பில், ஓரிடத்தில் உட்காரவே முடியாத நண்பன் யாராவது உண்டா? பென்சிலை உருட்டுவான், பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுவான், டீச்சர் கேள்வியை முடிக்கும் முன் பதில் சொல்வான். பாடம் மட்டும் மனதில் நிற்காது. 'மக்கு, வாலு' என, அவனுக்குப் பட்டப்பெயரும் வைத்திருப்பீர்கள்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், 1985ல் பிறந்த மைக்கேல் பெல்ப்சும் அப்படித்தான் இருந்தார். 'இவனால் எதிலும் கவனம் செலுத்த முடியாது' என்று, ஓர் ஆசிரியை அவர் அம்மாவிடமே சொல்லி விட்டார். அவருக்கு, ஏ.டி.எச்.டி., எனப்படும் கவனக்குறைபாடு இருப்பது, 9 வயதில் தெரிந்தது. இது சோம்பலோ, திமிரோ அல்ல. கவனத்தையும், அவசரத்தையும் கட்டுப்படுத்த மூளை சிரமப்படும் நிலை. அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அம்மா டெபியும் ஓர் ஆசிரியை தான். மகனுக்குப் பிடித்ததன் வழியாகவே பாடத்தைக் கொண்டு போனார். படிக்கப் பிடிக்காத பையனிடம், நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைக் கொடுத்தார். படம் மட்டும் பார்த்தாலும் சரி என விட்டார். கணக்கு கூட நீச்சல் கணக்கு தான். வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நீந்தினால், 500 மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரமாகும்? நீங்களும் போட்டுப் பாருங்கள்!

முதலில், தண்ணீரில் முகம் நனைக்கவே பயந்த பெல்ப்ஸ், மல்லாந்து நீந்தக் கற்றார். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில், 8 தங்கம் வென்றார். 2016ல் ஓய்வு பெறும்போது, அவரிடம் இருந்த ஒலிம்பிக் பதக்கங்கள் 28. அதில் தங்கம் மட்டும் 23!

எல்லாரும் ஒலிம்பிக் போக வேண்டியதில்லை. பாடம் புரிந்தால் போதும். அதற்கு நீங்கள் உதவலாம்.

* பட்டப்பெயரை இன்றோடு விட்டு விடுங்கள்.
* முன் பெஞ்சில், உங்கள் அருகில் உட்கார வையுங்கள்.
* 10 நிமிடம் சேர்ந்து படியுங்கள். பின், எழுந்து நடந்து விட்டு வரட்டும்.
* கிரிக்கெட் பிடிக்குமா? ரன் கணக்கில் கழித்தலைச் சொல்லிக் கொடுங்கள்.
* வீட்டுப்பாடத்தை டைரியில் எழுதினானா என்று பாருங்கள்.

நான் பள்ளியில் இருந்தபோது, நோட்டுகளை அடுக்கி எடுத்து வரும் வேலையை, துறுதுறு பிள்ளைகளுக்குத் தான் கொடுப்பேன். போய் வந்ததும், அடுத்த பாடத்துக்கு அமைதியாக உட்காருவர்.

அந்தத் துறுதுறு பிள்ளை நீங்களே தானா? கவலைப்படாதீர்கள். படிக்கச் சிரமமாக இருப்பதை, அம்மா, அப்பாவிடமும், டீச்சரிடமும் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மருத்துவரும் உதவுவார். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

என்ன குட்டீஸ்... திங்கட்கிழமை, அந்த நண்பனுக்கு உங்கள் பக்கத்தில் இடம் போடுவீர்கள் தானே!